முற்பணத்தில் தொடங்கும் சங்கிலி: திருகோணமலை மாவட்டமும் நவீன அடிமைமுறைத் தடுப்பும்

ஒரு நிறுவனத்தின் விநியோகச் சங்கிலி என்றதும் மூலப்பொருள் வாங்கும் இடம், ஆலை, களஞ்சியம், கப்பல், கடை என்று பொருள் நகரும் வழிதான் நினைவுக்கு வருகிறது. அந்த வழியின் ஒவ்வொரு நிலையிலும் ஒருவர் வேலை செய்கிறார். அவரை யாரோ எங்கிருந்தோ அழைத்து வந்திருக்கிறார். அழைத்து வந்தவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார், அந்த வேலையை விட்டுப் போக அவரால் முடியுமா? பொருளின் வரலாற்றை ஒழுங்காக எழுதி வைத்திருக்கும் நிறுவனங்கள் பலவற்றிடம் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இருப்பதில்லை. நவீன அடிமைமுறை இந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

சர்வதேச தொழில் அமைப்பும் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பும் வோக் ஃப்ரீ அமைப்பும் 2022-இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-இல் உலகில் ஏறத்தாழ 4.96 கோடிப் பேர் நவீன அடிமைமுறையில் இருந்தனர். அவர்களில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பிலும் 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்திலும் சிக்கியவர்கள். கட்டாய உழைப்பில் பெரும் பங்கு அரசுகள் சுமத்தியதல்ல. தனியார் துறையில் நடப்பது. மீன்பிடி, வீட்டுவேலை, கட்டடத் தொழில், விவசாயம், ஆலை உற்பத்தி எனப் பட்டியல் நீளும்.

கட்டாய உழைப்பைச் சர்வதேச தொழில் அமைப்பின் 1930-ஆம் ஆண்டின் 29-ஆம் இலக்க சமவாயம் இரண்டு அடையாளங்களால் வரையறுக்கிறது: ஏதேனும் ஒரு தண்டனையின் அச்சுறுத்தல் இருக்க வேண்டும், வேலை செய்பவர் தாமாக முன்வராதவராக இருக்க வேண்டும். இலங்கை இந்தச் சமவாயத்தை 1950-இல் ஏற்றது; அதன் 2014-ஆம் ஆண்டு நெறிமுறையை 2019-இல் ஏற்றது. தண்டனை என்பது சவுக்கடியாக இருக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டைத் திருப்பித் தராதிருப்பதும், நின்றுவிட்டால் கடனை ஒரேயடியாகக் கட்டச் சொல்வதும், பொலிஸிடம் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டுவதும் தண்டனையே.

ஆட்கடத்தலுக்கு ஐக்கிய நாடுகளின் 2000-ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறை மூன்று கூறுகளைச் சொல்கிறது. ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லல் போன்ற ஒரு செயல். ஏமாற்று, வற்புறுத்தல், இயலாமையைப் பயன்படுத்தல் போன்ற ஒரு வழி. சுரண்டல் என்ற நோக்கம். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் இரண்டாவது கூறை நிரூபிக்கத் தேவையில்லை. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தக் குற்றத்தை 360இ பிரிவில் புதிதாக வரையறுத்தது. கடன் கொத்தடிமைத்தனமும் கட்டாய உழைப்பும் அதே திருத்தத்தில் தனிக் குற்றங்களாயின. நெறிமுறையை நாடு முறையாக ஏற்றது 2015-இல்தான்.

திருகோணமலையில் இந்த வரையறை அடிக்கடி இன்னொன்றோடு குழம்புகிறது. போர் முடிந்தபின், குறிப்பாக 2012-இல், கிழக்குக் கரையிலிருந்து படகுகளில் அவுஸ்திரேலியா நோக்கிப் பலர் புறப்பட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு எல்லை தாண்ட உதவுவது ஒரு நாட்டின் எல்லைக்கு எதிரான குற்றம். ஆட்கடத்தல் ஒரு மனிதருக்கு எதிரான குற்றம். அது நடக்க எல்லை தாண்ட வேண்டும் என்றுகூட இல்லை. படகைத் தேடும் கண்களுக்கு, விமான நிலையம் வழியாக முத்திரை குத்தப்பட்ட கடவுச்சீட்டோடு போகும் பெண் தென்படுவதில்லை.

துறைமுகமும் அதன் பின்புலமும்

திருகோணமலை உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் அதற்காகச் சண்டையிட்டார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கோட்டைகளில் அடிமைகள் வேலை செய்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில், 1844-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது. இன்றைய துறைமுகம் கொள்கலன்களுக்கானதல்ல. கோதுமை, கிளிங்கர், எரிபொருள், கனிம மணல் போன்ற மொத்தச் சரக்குகளுக்கானது. சீனக்குடாவில் மா ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் உள்ளன. சீமெந்து ஆலையும் மீன்பிடித் துறைமுகமும் கொட்பேயில் உள்ளன. வடக்கே புல்மோட்டையில் இல்மனைட் மணல் அள்ளப்படுகிறது.

கொட்டியாரக்குடாவின் தெற்குக் கரையில் மூதூர் இருக்கிறது. அதற்கும் நகரத்துக்கும் இடையே கிண்ணியா. 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறத்தாழ 3.8 இலட்சம் பேர் இருந்தார்கள். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூன்று சமூகத்தாரும் கணிசமாக வாழும் மாவட்டம் இது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி கரையோரத்தை அடித்துச் சென்றது. 2006-இல் மாவிலாறு அணைக்கட்டில் தொடங்கிய சண்டை மூதூரையும் சம்பூரையும் காலியாக்கியது. சம்பூர் மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் ஊரில் முதலீட்டு வலயத்துக்கென்று ஒதுக்கப்பட்ட 818 ஏக்கர் காணி 2015-இல்தான் விடுவிக்கப்பட்டது. போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. வாராந்தத் தவணை கட்ட முடியாத பெண்களின் நிலை எந்த அளவுக்குப் போனதென்றால், 2018-இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடனில் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டதை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது. திருகோணமலையும் அவற்றில் ஒன்று. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதிலுமிருந்து அந்த ஓராண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து சென்றார்கள்.

இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்திகளாகவே எழுதப்படுகின்றன. ஆள் சேர்க்கும் முகவருக்கு இவை எல்லாம் சேர்ந்து ஒரே செய்திதான்: எந்த ஒழுங்கையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பது.

ஒரு பெண்ணின் இரண்டு பிறந்த திகதிகள்

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் பிறப்புச் சான்றிதழில் இருந்த திகதி 1988 பெப்ரவரி 4. அவர் கையில் கொடுக்கப்பட்ட கடவுச்சீட்டில் இருந்த திகதி 1982 பெப்ரவரி 2. சுனாமிக்கு ஐந்து மாதங்கள்கூட ஆகாத 2005 மே மாதத்தில், 17 வயதில், 23 வயதுப் பெண்ணாக அவர் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டார். தவாத்மி நகரில் வீட்டுவேலைக்கென்று போனவரிடம் நான்கு மாதக் கைக்குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பும் கொடுக்கப்பட்டது. அதற்கான பயிற்சி அவருக்கு இருக்கவில்லை. மே 22-இல் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்று அவர் சொன்னார். கழுத்தை நெரித்தார் என்று குடும்பம் சொன்னது. விசாரணையின்போது வழக்கறிஞர் இல்லை. வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரும் அல்லர். அந்த வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். 2007 ஜூன் 16-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2010-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. 2013 ஜனவரி 9-இல் அவர் தலை துண்டிக்கப்பட்டது. இலங்கை தன் தூதுவரைத் திருப்பி அழைத்தது. போலி ஆவணத்தில் அவரை அனுப்பிய முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

இந்த வழக்கு பெரும்பாலும் மரண தண்டனை பற்றியும் சவூதி நீதிமுறை பற்றியும்தான் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். விநியோகச் சங்கிலி பற்றி எண்ணுவோருக்கு அதில் வேறொரு பாடமும் உண்டு. மூதூரிலிருந்து தவாத்மி வரை அந்தப் பெண் பல கைகளைக் கடந்தார். ஊருக்குள் வந்து ஆள் பிடிப்பவர், கொழும்பு ஏஜென்சி, கடவுச்சீட்டு அலுவலகம், விசா வழங்கும் தூதரகம், விமான நிலையக் கருமபீடம், சவூதி ஏஜென்சி, வேலை கொடுத்த குடும்பம். ஒவ்வொரு கையும் ஆவணத்தைப் பார்த்தது. ஆவணத்தின்படி எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பதினேழு வயதுப் பெண் எதிரில் நின்றபோதும் எல்லோரும் கடதாசியையே நம்பினார்கள். ஆவணங்களை மட்டும் புரட்டிப் பார்க்கும் எந்தக் கணக்காய்வும் இன்றும் அவரைத் தடையில்லாமல் கடந்துபோகவே விடும்.

அரசின் பதில் வயதெல்லையை உயர்த்துவதாக இருந்தது. 2013-இல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களின் குறைந்தபட்ச வயது 25 ஆனது. குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டு, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் தடுக்கப்பட்டார்கள். வயதைப் பொய்யாக எழுதியதால் நேர்ந்த அநீதிக்கு, பொய்யாக எழுத வேண்டிய வயதைக் கூட்டுவது மருந்தாகாது. நேர்வழி அடைபட்டபோது சுற்றுலா விசா வழி திறந்தது. அதில் போனவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. 2022 இறுதியில் ஓமானில் சிக்கிய இலங்கைப் பெண்களின் வழக்கில் தூதரக அதிகாரி ஒருவரே கைதானார். அதே ஆண்டில் அரசு வயதெல்லையை 21-க்குக் குறைத்தது.

முற்பணம் எவ்வாறு பூட்டாகிறது

வீட்டுப் பணிப்பெண் வேலைக்கு மூதூரிலோ தோப்பூரிலோ ஒரு பெண் சம்மதித்தால் அவர் முகவருக்குப் பணம் கொடுப்பதில்லை. முகவர்தான் அவர் வீட்டுக்குப் பணம் கொடுக்கிறார். வளைகுடாவில் வேலை கொடுப்பவர் அங்குள்ள ஏஜென்சிக்கு ஒரு பெருந்தொகை கட்டுகிறார். அதில் ஒரு பங்கு கொழும்புக்கு வருகிறது. அதிலிருந்து துணை முகவரின் தரகும், குடும்பத்துக்கான முற்பணமும் பிரிக்கப்படுகின்றன. வெளிப்பார்வைக்கு இது பெண்ணுக்குச் சாதகமான ஏற்பாடு. தவணை பாக்கியும் கூரையில் ஓட்டையும் உள்ள வீட்டில் ஒரே நாளில் சில இலட்சம் ரூபா வந்து சேர்கிறது.

பூட்டு இருப்பது இந்தப் பணத்தில்தான். முற்பணம் வந்த நாளிலேயே பழைய கடனுக்கும் வீட்டுத் தேவைக்கும் கரைந்துவிடும். மருத்துவப் பரிசோதனை முடிந்து விசா வந்தபின் மனம் மாறினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் அடி விழுந்தாலும், சம்பளம் நின்றாலும், ஒப்பந்தக் காலம் முடியுமுன் திரும்பினால் செலவைக் கட்டச் சொல்லி முகவர் ஊரில் குடும்பத்தின் வாசலில் வந்து நிற்பார். அங்குள்ள முதலாளியோ, இவ்வளவு பணம் கட்டி எடுத்தேன், போக விடமாட்டேன் என்பார். கஃபாலா முறையில் தொழிலாளியின் வதிவிட அனுமதி அந்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வீட்டை விட்டு ஓடினால் ஓடியவர்தான் குற்றவாளி. 2021-இல் சவூதி கொண்டுவந்த தொழிற்சட்டச் சீர்திருத்தங்கள் வீட்டுப் பணியாளர்களை உள்ளடக்கவில்லை.

இந்தப் பொறிமுறை தமிழருக்குப் புதியதல்ல. மலையகத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணி முற்பணம் கொடுத்துத்தான் கூட்டி வந்தார். பயணச் செலவும் அரிசியும் கடனாக ஏறின. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் அவர் பெயரில் உள்ள கடனை எழுதிய துண்டு ஒன்று தேவைப்பட்டது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைமாறும். 1921-ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின்பும் வேலை செய்பவரின் தலையில் ஆட்சேர்ப்புச் செலவு கடனாக நிற்கும் இடங்களில் எல்லாம் துண்டு வேறு பெயரில் உயிரோடுதான் இருக்கிறது.

1985-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் அனுமதிப்பத்திரம் கொடுப்பது ஏஜென்சிக்கு. ஊரில் வீடு வீடாகப் போகும் துணை முகவர் அந்த அனுமதிப்பத்திரத்தில் இல்லை. பெரும்பாலும் அவர் அந்நியரும் அல்லர். உறவினராகவோ, முன்பு வெளிநாடு போய்வந்த பக்கத்து வீட்டுக்காரியாகவோ இருப்பார். வாக்குறுதியைச் சொல்பவர் அவர்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஏஜென்சி அந்த வாக்குறுதியை அறியாது என்று சொல்லிவிடலாம். பிரதேச செயலகங்களில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் கிராம உத்தியோகத்தர்களும் இந்த முதல் உரையாடலுக்கு மிக அருகில் இருக்கும் அரச ஊழியர்கள். தடுப்பு வேலைக்கு நாட்டிலேயே பயனுள்ள இடம் அந்த மேசைதான். கொழும்பு மாநாட்டு மண்டபங்கள் அதற்கு வெகு தூரத்தில் இருக்கின்றன.

வீட்டுவேலையிலிருந்து வணிகத்துக்கு

வீட்டுவேலை நிறுவனங்களின் விநியோகச் சங்கிலியில் வராது என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் ஏஜென்சிகளே நிறுவனங்கள்தான்; அவற்றுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும், காப்புறுதி விற்பவர்களும், மருத்துவ நிலையங்களும் நிறுவனங்களே. அதைவிட முக்கியமானது, வீட்டுக்கு ஆள் அனுப்பும் இதே பாதை வணிகத்துக்கும் ஆள் அனுப்புகிறது. வளைகுடா விமான நிலையங்களையும் மருத்துவமனைகளையும் துப்புரவு செய்பவர்கள், ஹோட்டல் சலவையகங்களில் நிற்பவர்கள், கட்டடத் தளங்களில் கம்பி கட்டுபவர்கள் இதன் வழியாகவே போகிறார்கள். ஜோர்தானில் அமெரிக்கச் சந்தைக்கு ஆடை தைக்கும் ஆலைகளில் இலங்கைப் பெண்களும் வேலை செய்தார்கள். ஜோர்தான் ஆடைகள் 2016 வரை அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் கட்டாய உழைப்புப் பட்டியலில் இருந்தன. ஆலைகளின் தொழில் நிலைமையை மேம்படுத்த 2008-இல் அங்கு தொடங்கிய பெட்டர் வேர்க் திட்டமும், 2013-இல் துறை முழுவதற்குமாகச் செய்யப்பட்ட கூட்டு ஒப்பந்தமும் நிலைமையை மாற்ற உதவின. தொழிற்சங்கமும் வாங்குபவரும் அரசும் ஒரே பக்கம் தள்ளினால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

திருகோணமலைக்குள்ளேயே வேலை செய்யும் ஆலைகளும் துறைமுகச் சேவைகளும் எங்கும் போல் தங்கள் ஊழியர் பட்டியலுக்கு வெளியேயும் ஆட்களை நம்பியிருக்கின்றன. சரக்கு இறக்குதல், பாதுகாப்பு, துப்புரவு, தற்காலிகக் கட்டுமானம் ஆகியவை மேன்பவர் ஒப்பந்தக்காரர் வழியாக நடக்கக்கூடிய வேலைகள். இங்கே பார்க்க வேண்டியவை எளியவை. ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறதா? முதலாளியின் 12 வீதமும் தொழிலாளியின் 8 வீதமும் உண்மையில் வைப்பிலிடப்படுகின்றனவா? அடையாள அட்டை யார் பையில் இருக்கிறது? சேர்ந்தபோது சீருடைக்கும் தங்குமிடத்துக்கும் என்று எவ்வளவு கழித்தார்கள்? வயது 16-க்கு மேலா? 2021 முதல் இலங்கையில் வேலைக்கான குறைந்தபட்ச வயது அது. ஆபத்தான வேலைகளுக்கு 18. ஏற்கக்கூடிய சம்பளம் கொடுக்கப் போதாத விலையை ஒப்பந்தக்காரர் கேள்விமனுவில் கொடுத்திருந்தால், அந்தக் குறைவு எவர் சம்பளத்திலிருந்து வருகிறது என்று கொள்வனவு அதிகாரி கேட்டாக வேண்டும்.

வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழில் சமவாயத்தை இலங்கை 2017-இல் ஏற்றது. கடலோடியிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்குவதை அது தடுக்கிறது. இரண்டு மாதமோ அதற்கு மேலோ சம்பளம் கொடுக்காமல் விட்டால் கப்பலாட்கள் கைவிடப்பட்டவர்கள் என்று கொள்கிறது. அந்நிலையில் நான்கு மாதச் சம்பளம் வரை ஈடுசெய்யும் நிதிப் பிணை கப்பலில் இருக்க வேண்டும். கோதுமையோ கிளிங்கரோ கொண்டுவரக் கப்பலை வாடகைக்கு எடுப்பவர், சரக்கின் தரச் சான்றைக் கேட்பதுபோல் இந்தப் பிணைச் சான்றையும் கேட்கலாம். கேட்பதற்கு ஒரு சதமும் செலவாகாது.

மீனின் பயணமும் மீனவரின் பயணமும்

ஐரோப்பிய ஒன்றியம் சட்டவிரோத மீன்பிடியைக் காரணம் காட்டி 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. பலநாட் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன, பயணக் குறிப்பேடும் பிடிச் சான்றிதழும் கட்டாயமாயின, சட்டம் திருத்தப்பட்டது. 2016 ஜூனில் தடை நீங்கியது. ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு நாட்டின் மீன்பிடித் துறை தன் பதிவேடுகளை மாற்றிக்கொண்டது. வாங்குபவர் உறுதியாக நின்றால் சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை தகவல் வரும் என்பதை இது நிறுவியது. இப்போது கொட்பேயில் இறங்கும் ஒரு சூரை மீன் எந்தக் கலத்தில் எந்தக் கடற்பரப்பில் பிடிபட்டது என்று சொல்ல முடியும். அதே கலத்தில் இருந்த நான்கைந்து ஆட்கள் என்ன வாக்குறுதியில் ஏறினார்கள், எவ்வளவு முற்பணம் வாங்கினார்கள், கரைக்கு வந்தபின் எவ்வளவு கையில் கிடைத்தது என்பதற்கு அப்படி ஒரு குறிப்பேடு இல்லை.

கிழக்குக் கரையில் மீன்பிடி பெரும்பாலும் பங்கு முறையில் நடக்கிறது. எரிபொருள், ஐஸ், உணவுச் செலவைக் கழித்தபின் கலத்துக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. கரைவலையில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி முற்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். சிறு படகுக்காரர் வலைக்கும் இயந்திரத்துக்கும் மீன் முதலாளியிடம் கடன் பட்டு, பிடித்ததை அவருக்கே அவர் சொல்லும் விலைக்குக் கொடுப்பார். இவை எல்லாவற்றையும் அடிமைமுறை என்று எழுதிவிடுவது தவறு. வங்கி கடன் கொடுக்காத இடத்தில் இந்த ஏற்பாடே பல குடும்பங்களைக் கரை சேர்த்திருக்கிறது. எல்லை எங்கே என்றால், கடனின் அளவைத் தொழிலாளி அறியாதபோது, அது அவர் உழைப்பால் குறையாதபோது, வேறொருவரிடம் போக முடியாதபடி தடுக்கப்படும்போது. சர்வதேச தொழில் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அடையாளங்களில் கடன் பிணைப்பும், சம்பளத்தைத் தடுத்துவைப்பதும், தனிமைப்படுத்தலும், நடமாட்டக் கட்டுப்பாடும் அடங்கும். வாரக்கணக்கில் நடுக்கடலில் இருக்கும் கலத்தில் கடைசி இரண்டும் வேலையின் இயல்பிலேயே இருக்கின்றன. ஆகவே முதல் இரண்டையும் மற்றத் தொழில்களைவிடக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாங்கும் நாடுகளின் சட்டங்கள்

வணிகமும் மனித உரிமைகளும் பற்றி ஐக்கிய நாடுகள் 2011-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள், மனித உரிமையை மதிப்பது நிறுவனங்களின் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்கின்றன. பிரித்தானியாவின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, 3.6 கோடிப் பவுண் விற்றுவரவுள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. அவுஸ்திரேலியாவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் 10 கோடி அவுஸ்திரேலிய டொலரும் அதற்கு மேலும் வருமானமுள்ள நிறுவனங்களுக்கு அதையே சொல்கிறது. இவ்வகைச் சட்டங்களின் குறை வெளிப்படையானது: எதுவும் செய்யவில்லை என்று எழுதினாலும் அறிக்கை அறிக்கைதான்.

அமெரிக்கா வேறு வழியில் போகிறது. 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு கட்டாய உழைப்பில் செய்த பொருளைத் துறைமுகத்திலேயே நிறுத்துகிறது. மலேசியக் கையுறை நிறுவனமான டொப் குளோவுக்கு 2020 ஜூலையில் இந்தத் தடை விழுந்தது. அதன் பின் அந்நிறுவனம் தன் வெளிநாட்டுத் தொழிலாளர் ஊரில் முகவர்களுக்குக் கட்டியிருந்த ஆட்சேர்ப்புக் கட்டணங்களைத் திருப்பிக் கொடுத்தது. மொத்தம் ஏறத்தாழ 13.6 கோடி ரிங்கிட். 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. ஆண்டுக்கணக்கில் கொள்கை அறிக்கைகளால் நடக்காதது, சரக்கு கரையில் நின்றபோது நடந்தது.

செய்ய வேண்டியவை

ஒரு நிறுவனம் முதலில் தீர்க்க வேண்டியது பணம் பற்றிய கேள்வி. ஆட்சேர்ப்புச் செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும். தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ சம்பளக் கழிவாகவோ எடுக்கக் கூடாது. புலம்பெயர் தொழிலாளர் பற்றிய 2012-ஆம் ஆண்டின் டாக்கா கோட்பாடுகளும் சர்வதேச தொழில் அமைப்பின் நியாயமான ஆட்சேர்ப்பு நெறிகளும் சொல்வது இதுவே. பணிப்பெண்களின் அனுபவம் இதற்கு ஒரு திருத்தம் கோருகிறது: முதலாளி செலவை ஏற்பது போதாது. அந்தச் செலவைக் காட்டித் தொழிலாளியைப் பிடித்துவைக்க முடியாது என்பதும், குடும்பத்துக்குக் கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதும் ஏஜென்சியோடு செய்யும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுத மறுக்கும் ஏஜென்சியோடு வேலை செய்யக் கூடாது.

அடுத்தது, வரைபடத்தைத் தலைகீழாக வரைவது. வழக்கமான முறையில் நிறுவனம் தன் முதல்நிலை வழங்குநரிடம் கேள்விப்பத்திரம் அனுப்பும். அவர் தனக்கு அடுத்தவருக்கு அனுப்புவார். கேள்விகள் கீழே போகப்போக நீர்த்துவிடும். இதற்கு மாறாகச் சில தொழிலாளர்களிலிருந்து தொடங்கி, அவர்கள் ஊரில் முதலில் பேசியவர் யார் என்பது வரை பின்னோக்கிப் போனால் துணை முகவர் உட்பட எல்லாக் கண்ணிகளும் தெரியவரும். இந்த உரையாடல் மேற்பார்வையாளர் காதில் விழாத இடத்தில், தொழிலாளியின் மொழியில் நடக்க வேண்டும். மூதூர்ப் பெண்ணிடம் தமிழில் பேசத் தெரியாத கணக்காய்வாளர் அவரிடமிருந்து அறியக்கூடியது எதுவும் இல்லை. பெண்களிடம் பெண்களே பேச வேண்டும். ஒப்பந்தப் பிரதி புறப்படுமுன் தமிழில் கையில் இருந்ததா, போய்ச் சேர்ந்தபின் வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்பவை தவறாமல் கேட்க வேண்டியவை.

முறைப்பாட்டு வழியும் அதே அளவு முக்கியம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. கைபேசியைப் பறித்துவைக்கும் வீட்டிலோ தங்குமிடத்திலோ அந்த இலக்கம் பயன்படாது. அதனால்தான் ஊரில் இருக்கும் தாயோ கணவனோ முறையிடக்கூடிய ஒரு வழியையும் நிறுவனம் ஏற்படுத்த வேண்டும். ஒரு மாதம் பணம் வராததையும் குரல் மாறியிருப்பதையும் முதலில் அறிபவர்கள் அவர்கள்தான்.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்பதில் நிறுவனங்கள் மிகுதியாகத் தவறுகின்றன. கெட்ட பெயருக்கு அஞ்சி வழங்குநரோடு உறவை உடனே துண்டிப்பார்கள். அப்போது தொழிலாளி வேலையை இழப்பார். கடன் மட்டும் மிஞ்சும். வேறு வழியே இல்லாதபோதுதான் துண்டிக்க வேண்டும். அதற்கு முன், கட்டிய பணம் திரும்ப வேண்டும், தடுத்துவைத்த சம்பளமும் கடவுச்சீட்டும் கையில் கிடைக்க வேண்டும், ஊர் திரும்ப விரும்புபவருக்குச் சீட்டும் தங்க விரும்புபவருக்கு வேறு வேலையும் கிடைக்க வேண்டும். குற்றம் நடந்திருந்தால் பொலிஸுக்குச் சொல்வதிலும் பாதிக்கப்பட்டவரின் சம்மதமும் பாதுகாப்பும் முதலில் வர வேண்டும். இலங்கையில் 2023-இல் புதுப்பிக்கப்பட்ட பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓர் அடித்தளம் தருகிறது.

திருகோணமலை ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திகதி ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது. கட்டாய உழைப்பில் உருவான எந்தப் பொருளும் தன் சந்தையில் விற்கப்படக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஏற்ற ஒழுங்குவிதி 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது. மீனுக்கும் ஆடைக்கும் அது ஒன்றுபோலப் பொருந்தும். அந்த ஒன்றியத்திடமிருந்து 2017-இல் மீளக் கிடைத்த ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையும் கட்டாய உழைப்புச் சமவாயங்களை மதிப்பதோடு கட்டப்பட்டதே. பிடிச் சான்றிதழோடு அன்று தேவைப்படப்போவது கலத்தின் ஆட்பட்டியல், ஒவ்வொருவரோடும் செய்த எழுத்து ஒப்பந்தம், கொடுத்த முற்பணத்தையும் கழித்த தொகையையும் காட்டும் பேரேடு, பயண முடிவில் அவரவர் கையெழுத்திட்டுப் பெற்ற பங்குக் கணக்கு. கூட்டுறவுச் சங்கங்களும் மீன்பிடித் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகமும் சேர்ந்தால் இவற்றைச் செய்மதிக் கருவி பொருத்தியதைவிடக் குறைந்த செலவில் தொடங்கிவிடலாம்.